விட்டில்பூச்சியில் வந்த தபால்



ஜே.ஆர்.டி. டாடா என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம் பாலிடெக்னிக்கில் யாரும் இருக்க முடியாது. இந்திய விமானப் போக்குவரத்தின் தந்தை யார் என்ற கேள்வி இல்லாத பொது அறிவுப் போட்டி உண்டா? பெயரை எழுதி ஒரு மார்க் வாங்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த ஒரு மார்க்குக்குள்ளே இருக்கிற மனிதரைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். ஆனால் நான் அவரிடம் போய்ச் சேர்ந்த வழி கொஞ்சம் வேற. இரும்பு ஆலை வழியாகவோ, பாரத ரத்னா வழியாகவோ இல்லை. விமானத்தின் சக்கரக் கால் வழியாக!

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய விமானத்தின் படம் எங்கே கிடைத்தாலும், கீழே உள்ள பெயரை விரலால் மறைத்துக்கொண்டு, அது எந்த விமானம் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். எங்க ஆய்க்குடி பையன்களில் சிலர், பஸ் திருப்பத்தில் வரும்போதே முன்பக்கத்தைப் பார்த்து எந்த வண்டி, டிரைவர் யார் என்று சொல்லிவிடுவார்கள் இல்லையா, அதே மாதிரிதான். இறக்கை ஒன்றா, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டா? உடம்புக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? மூக்கு நீளமாக ஒல்லியாக இருந்தால் சிலிண்டர்கள் வரிசையாக இருக்கிற என்ஜின். வட்டமாகப் பானை மாதிரி இருந்தால் ரேடியல் என்ஜின். பிறகு சக்கரத்துக் கால் எங்கே போய் முட்டுகிறது, வால் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு பெயர் மிஞ்சும். உடம்பில் எழுத்து தெரிந்தால் இன்னும் சுலபம். 'விடி' என்று தொடங்கினால் இந்திய விமானம். அது வைஸ்ராய் டெரிட்டரி என்பதன் சுருக்கம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. 1927-ல் வாஷிங்டனில் நடந்த வானொலி மாநாட்டில் நாடுகளுக்கு எழுத்துகளைப் பங்கிட்டபோது நமக்கு விழுந்த பங்கு அது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பைசா செலவு கிடையாது. கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்று போதும், இல்லாவிட்டால் கையில் இருக்கிற செல்போன். பீடி சுற்றிக்கொண்டே எங்க அம்மா கேட்பாள், இதைப் பார்த்து என்னல பிரயோஜனம் என்று. அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஜே.ஆர்.டி.யின் வாழ்க்கையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தப் பிரயோஜனம் இல்லாத வேலைதான்.

விஷயம் இதுதான். 1932-ல் டாடா ஓட்டிய முதல் தபால் விமானம் என்று போட்டு ஒரு படம் பல இடங்களில் அச்சாகிறது. அதில் உள்ள விமானத்தின் இறக்கை மேலே இருக்கிறது, சரி. மூக்கு ஒல்லி, அதுவும் சரி. ஆனால் சக்கரத்துக் கால் தப்பு! 1932-ல் அவர் ஓட்டியது புஸ் மாத். அதில் சக்கரத்திலிருந்து கிளம்பும் நீளமான கால், நேராக மேலே ஏறி இறக்கையின் அடியில் போய்ச் சேரும். படத்தில் உள்ளதோ லெபர்ட் மாத். அதில் கால் முன்பக்கம் சாய்ந்து, என்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் போய் முடியும். இறக்கையும் நுனி நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். புஸ் மாத்தின் உடம்பு இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. லெபர்ட் மாத்தின் உடம்பு பிளைவுட். எல்லாவற்றுக்கும் மேலாக, லெபர்ட் மாத் வெளியே வந்ததே 1933-ல். பிறக்காத விமானத்தை எப்படி ஓட்டுவது? அப்படியானால் அந்தப் படம் எப்போது எடுத்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் முழு மனிதரும் கிடைத்தார்.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா 1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா ரத்தன்ஜி தாதாபாய் டாடா பார்சி. அம்மா சூசான் பிரான்ஸ் நாட்டுக்காரர். கோடை விடுமுறைக்கு இந்தக் குடும்பம் பிரான்ஸின் வடகரையில் ஹார்டலோ என்ற கடற்கரை ஊருக்குப் போகும். அங்கே பக்கத்து வீடு யாருடையது தெரியுமா? 1909-ல் முதன்முதலாக ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டிய லூயி பிளேரியோவுடையது! பிளேரியோவின் விமானம் அந்த மணலில் வந்து இறங்குவதைப் பையன் பார்த்தான். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மாடலை ஒரு தடவை பார்த்தால் மறக்காது: ஒற்றை இறக்கை, பின்பாதி உடம்பில் துணியே இல்லாமல் மரச்சட்டம் எலும்புக்கூடு மாதிரித் தெரியும். பதினைந்தாவது வயதில் அதே கடற்கரையில் காசு கொடுத்து ஒரு சவாரி போனார். விமானி ஆவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாராம்.

இனிமேல் சொல்வதை நாம் எல்லோரும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் என்ஜினியரிங் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் ராணுவச் சேவைக்குப் போக வேண்டி வந்தது. அது முடிந்ததும் கேம்பிரிட்ஜ் போகலாம் என்றிருந்தவரை, கம்பெனியில் சேர வா என்று அப்பா இந்தியாவுக்கு அழைத்துவிட்டார். 1926-ல் அப்பாவும் இறந்துபோனார். அம்மா அதற்கு முன்பே 1923-ல் போய்விட்டார். இருபத்திரண்டு வயதில் தம்பி தங்கைகளோடு குடும்பப் பொறுப்பு தலையில். கல்லூரி அத்தோடு முடிந்தது. ஆமாம், இந்தியாவின் மிகப் பெரிய தொழில் குழுமத்தை ஐம்பது வருஷத்துக்கு மேல் நடத்தியவருக்கு டிகிரி கிடையாது. அது அவருக்குக் கடைசிவரை மனக்குறையாகவே இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்க வீட்டு விசேஷங்கள்தான் ஞாபகம் வந்தது. எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதிலேயே எல்லோருக்கும் பெருமை. ஆனாலும் வருகிற சொந்தக்காரர்கள், டிப்ளமோ என்றால் முழுப் படிப்பா பாதிப் படிப்பா என்று கேட்காமல் போவதில்லை. அப்பா என் முகத்தைப் பார்ப்பார். இப்படிக் கேட்கிறவர்களிடம் டாடாவின் பெயரைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் அது நியாயமான கணக்கு இல்லை. அவர் டாடா வீட்டில் பிறந்தார். டிகிரி இல்லாவிட்டாலும் உட்கார நாற்காலி காத்திருந்தது. நாமோ மினி டிராஃப்டர் வாங்க ஒரு மாதம் யோசிக்கிற வீட்டிலிருந்து வருகிறோம். அவரைப் பார்த்து நான் ஆச்சரியப்படுவது அந்த நாற்காலிக்காக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியிருக்கலாம், அவர் அதை விட்டு எழுந்து போனார் பாருங்க, அதற்காக.

பம்பாயில் விமானப் பயிற்சி தொடங்கியதும் சேர்ந்தார். மூன்றரை மணி நேரப் பயிற்சியிலேயே தனியாகப் பறந்தார். 1929 பிப்ரவரி 10-ல் இந்திய-பர்மா விமானக் கழகம் கொடுத்த உரிமத்தில் எண் 1 என்று இருந்தது.

மறுவருஷம் ஒரு போட்டி. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கிற முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து மேற்கே கிளம்பினார். வண்டி ஜிப்ஸி மாத். இரட்டை இறக்கை, மரத்தாலான உடம்பு, மேலே மூடி இல்லாத இருக்கை. மெக்கானிக்கல் மாணவர்கள் இதன் படம் கிடைத்தால் மூக்கைப் பாருங்க: நான்கு சிலிண்டர்களின் தலையும் மேலே நீட்டிக்கொண்டு காற்றில் நிற்கும். அடுத்து வந்த புஸ் மாத்தில் அதே குடும்பத்து என்ஜினைத் தலைகீழாகத் தொங்கவிட்டுவிட்டார்கள். கிராங்க் ஷாஃப்ட் மேலே, சிலிண்டர் கீழே. விமானிக்கு முன்னால் பார்வை மறைக்காது. என்ன எளிமையான யோசனை!

போட்டிக்கு வருவோம். எதிர்த்திசையில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி வந்தவர் அஸ்பி எஞ்சினியர். வயது பதினேழு! நம் முதலாம் ஆண்டு தம்பிகளின் வயது. எகிப்தில் அபுகிர் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். அஸ்பி அங்கே ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நின்றார். ஜே.ஆர்.டி. தன்னிடம் உபரியாக இருந்த பிளக்கை எடுத்துக் கொடுத்தார். அஸ்பி பதிலுக்குத் தன் உயிர்காப்புச் சட்டையைக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். முடிவில் பரிசு அஸ்பிக்கே போனது. சில மணி நேர வித்தியாசம்தானாம். அந்த அஸ்பி பின்னாளில், 1960-ல், இந்திய விமானப்படையின் தளபதியானார். பிளக் கொடுக்காமல் போயிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று நம் ஒர்க்‌ஷாப்பில் ஒருநாள் பெரிய விவாதமே நடந்தது. நான் கொடுத்தது சரி என்ற கட்சி. கொடுத்திருக்கவே கூடாது என்ற கட்சிதான் எண்ணிக்கையில் அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது தபாலுக்கு வருகிறேன். நெவில் வின்சென்ட் என்று ஒருவர். பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். பழைய விமானங்களோடு இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராகப் போய் ஜனங்களை ஏற்றி வானத்தைக் காட்டிச் சம்பாதித்தவர். லண்டனிலிருந்து வருகிற விமானத் தபால் கராச்சியோடு நின்றுவிடுகிறது, அதைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் நாமே கொண்டுபோனால் என்ன என்ற திட்டம் அவருடையது. ஜே.ஆர்.டி. அதைப் பிடித்துக்கொண்டார். டாடா கம்பெனி ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் போட்டது. அரசாங்கம் மானியம் எதுவும் தரவில்லை. பேசிப் பேசி 1932 ஏப்ரலில்தான் ஒப்பந்தம் ஆனது.

1932 அக்டோபர் 15. கராச்சியின் டிரிக் ரோடு மைதானம். இருபத்தெட்டு வயது டாடா, விடி-ஏடிஎன் என்று எழுதிய புஸ் மாத்தில் ஏறினார். சரக்கு என்ன? சுமார் 25 கிலோ கடிதங்கள். நம்ம ஊர் அரிசிச் சிப்பம் ஒன்றின் எடை! வானொலித் தொடர்பு கிடையாது. கீழே தெரிகிற நிலம்தான் வழிகாட்டி. அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. மத்தியானத்துக்கு மேல் பம்பாய் ஜுஹூவில் இறங்கினார். அங்கிருந்து இன்னொரு புஸ் மாத்தில் தபாலை ஏற்றிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் போனவர் வின்சென்ட். இந்த இடத்தைப் பலர் குழப்பிவிடுகிறார்கள். அன்றைக்குச் சென்னைக்கு வந்தது டாடா இல்லை. பாதி வழியை ஓட்டியவர் பெயர் இப்படித்தான் கேள்வித்தாளில் காணாமல் போகிறது.

அப்போதைய ஜுஹூவை நினைத்துப் பாருங்க. கடலோரச் சேற்று மைதானம், ஓலைக் கொட்டகைதான் ஆபீஸ். மழைக்காலம் வந்தால் மைதானமே தண்ணீருக்குள். உடனே எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு பூனாவுக்கு ஓட வேண்டும். விமானிகளையும் மெக்கானிக்குகளையும் கைவிரலில் எண்ணிவிடலாம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு முதல் வருஷத்தில் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, சுமார் பத்து டன் தபாலையும் 155 பயணிகளையும் சுமந்து, 60,000 ரூபாய் லாபமும் பார்த்தார்கள். மழையிலும் தபால் நேரம் தவறவில்லை. விமானம் நேரத்துக்குக் கிளம்ப வேண்டுமானால் மெக்கானிக் விடியும் முன்னே எழுந்து பிளக் கழற்றித் துடைத்திருக்க வேண்டும். அந்த மெக்கானிக்குகள்தான் நம்ம ஜாதி. என்னைக் கேட்டால் அந்த நேரம் தவறாமையில் பாதி அவர்களுடையது.

டி ஹாவிலண்ட் கம்பெனி ஏன் எல்லாவற்றுக்கும் மாத் என்று பெயர் வைத்தது என்று கேட்கலாம். மாத் என்றால் நம்ம விட்டில்பூச்சிதான். முதலாளி ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்குப் பூச்சிகள் என்றால் அவ்வளவு பிரியம். ஜிப்ஸி, புஸ், ஃபாக்ஸ், லெபர்ட் எல்லாமே உண்மையான பூச்சி வகைகளின் பெயர்கள்.

இந்த விட்டில்பூச்சித் தபாலுக்கும் எங்க ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 1935 நவம்பர் 1-ல் வின்சென்ட் டாடாவின் விமானம் ஒன்றைத் திருவனந்தபுரத்தில் கொண்டுவந்து இறக்கினார். அதோடு பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் கோவா, கண்ணனூர் வழியாக விமானத் தபால் வந்துவிட்டது. திருவிதாங்கூர் ராஜ்யத்தின் சொந்தத் தபாலான அஞ்சலும் அதில் போனது. அன்றைக்கு ஆய்க்குடி எந்த ராஜ்யம்? திருவிதாங்கூர்! செங்கோட்டை தாலுகாவில் இருந்தோம். 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். பக்கத்தில் இருக்கிற தென்காசிக்காரர்களுக்குத் தலைநகர் சென்னை, நமக்கு மலைக்கு அந்தப்பக்கம். ஆக நம்ம தலைநகரில் இறங்கிய முதல் விமானத் தபால் டாடாவுடையது. அந்தக் காலத்து ஆய்க்குடியில் யாருக்காவது அப்படி ஒரு கடிதம் வந்து சேர்ந்திருக்குமா? யோசிக்க யோசிக்க நன்றாக இருக்கிறது.

அந்த வருஷங்களில் டாடா வாங்கிய விமானங்கள் படம் பார்த்துப் பெயர் சொல்கிறவனுக்கு விருந்து. ஃபாக்ஸ் மாத் என்று ஒன்று: பயணிகள் முன்னால் மூடிய அறைக்குள், விமானி பின்னால் திறந்த வெளியில் வெயிலில்! நம்ம பழைய குதிரை வண்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி. மைல்ஸ் மெர்லின் என்று ஒன்று: இறக்கை கீழே, மர உடம்பு. உலகத்திலேயே மொத்தம் நான்குதான் செய்தார்கள், அதில் இரண்டு டாடாவிடம். அமெரிக்க வேகோ என்று ஒன்று: இரட்டை இறக்கை, ஆனால் மூக்கு வட்டம். மெர்லினை ஒரு படத்தில் முதன்முதலாகச் சரியாகச் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

1938-ல் முப்பத்து நான்கு வயதில் ஜே.ஆர்.டி. டாடா குழுமத்தின் தலைவரானார். அந்தக் கதை நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், வேகமாகத் தாண்டிப் போகிறேன். அதே காலத்தில் தபால் தடம் கொழும்பு வரை நீண்டது. பிறகு உலகப்போர். 1942 ஜனவரியில் வின்சென்ட் பயணம் செய்த ஹட்சன் விமானம் பிரான்ஸ் கரைக்கருகே சுடப்பட்டது. ஓலைக் கொட்டகையில் சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவர் போய்விட்டார். 1946-ல் கம்பெனியின் பெயர் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூன் 8 இரவு மலபார் பிரின்சஸ் என்ற கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. இதைக் கண்டுபிடிக்க எந்தத் திறமையும் வேண்டாம். வாலில் மூன்று துடுப்பு, டால்பின் மாதிரி வளைந்த உடம்பு. அதே விமானம் 1950 நவம்பர் 3-ல் ஆல்ப்ஸில் மான் பிளாங்க் மலையில் மோதி 48 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போன இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். நம்ம ஊர்ப் பையன்கள் வெளிநாடு கிளம்பும்போது ஏனோ எனக்கு அவர்கள் நினைவு வந்துவிடும்.

1953-ல் அரசாங்கம் விமானக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டது. ஜே.ஆர்.டி.க்கு அதில் சம்மதம் இல்லை. இருந்தும் தலைவராக இருக்கச் சொன்னபோது மறுக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் இருந்தார். பறக்கும்போதெல்லாம் குறிப்பெழுதிக்கொண்டே வருவார்: திரைச்சீலை நிறம் சரியில்லை, டீயும் காப்பியும் ஒரே நிறத்தில் இருக்கிறது, இந்த மாதிரி. இவ்வளவு பெரிய மனிதருக்கு இது தேவையா என்று தோன்றலாம். லேத்தில் அரை மில்லிமீட்டர் கூடிப்போனால் ஜாபைத் தூக்கிப் போடுகிற இன்ஸ்ட்ரக்டரை நினைத்துக்கொண்டால் விளங்கும். 1978-ல் அன்றைய மொரார்ஜி தேசாய் அரசு அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். 1982 அக்டோபர் 15. முதல் தபால் பறந்து சரியாக ஐம்பது வருஷம். எழுபத்தெட்டு வயதில் ஜே.ஆர்.டி. மறுபடியும் கராச்சிக்குப் போனார். 1962-லும் அவர் ஒருமுறை இதே பாதையில் பறந்ததுண்டு. இந்தத் தடவை அவர் ஏறியது லெபர்ட் மாத். அகமதாபாத் வழியாக ஜுஹூ வரை அவரே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார். என் கையில் உள்ள படம் அன்றைக்கு எடுத்தது! உற்றுப் பார்த்தால் நரைத்த முடி தெரிகிறது. இருபத்தெட்டு வயதுக்காரருக்கு ஏது நரை? விமானத்தின் காலைப் பார்க்கிற மும்முரத்தில் ஆளின் முகத்தைக் கடைசியாகத்தான் பார்த்திருக்கிறேன். படத்துக்குக் கீழே 1932 என்று போட்டுவிட்டால் ஒரு வாலிபன் சாகசம் செய்த கதை. 1982 என்று போட்டால், பதவியைப் பறித்த பிறகும் பறப்பதை விடாத ஒரு கிழவரின் கதை. எனக்கு இரண்டாவது கதைதான் அதிகம் பிடித்திருக்கிறது. அதனால்தான் இந்தத் தப்பான தேதி மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

1992-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். பிறந்த பாரிஸிலேயே அடக்கம் செய்தார்கள். 2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியா திரும்பவும் டாடா குழுமத்திடம் வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு படம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பழைய புத்தகத்தில் கிழிந்த பக்கம் ஒன்றில் இருக்கிறது. இரட்டை இறக்கை, ஒல்லி மூக்கு, சுற்றிலும் வேட்டி கட்டின ஜனக்கூட்டம். டைகர் மாத் ஆகவும் இருக்கலாம், ஃபாக்ஸ் மாத் ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இறக்கை, சக்கரம், வால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். உடம்பில் பயணிகள் அறை ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது. ஆனால் சரியாக அந்த இடத்தில் ஒரு பெரியவர் தலைப்பாகையோடு நிற்கிறார்! யாருக்காவது நல்ல கண் இருந்தால் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்புக்கு வாங்க, ஜன்னல் ஓர பெஞ்ச். படம் என் நோட்டுக்குள்தான் இருக்கிறது.